குத்துச்சண்டையில் ஏறி வந்து அடிக்கும் எதிராளியிடம் கயிற்றில் மாட்டாமல் நகர்வது எப்படி?

எதிராளி விடாமல் ஏறி வருகிறார், ஒவ்வொரு ரவுண்டிலும் முதுகு கயிற்றில் முட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்கோட்டில் பின்வாங்குவதுதான் காரணமாக இருக்கும். அமெச்சூர் ரிங் கயிற்றுக்குள்ளே 6.1 மீட்டர் சதுரம். நடுவிலிருந்து கயிறு வெறும் 3 மீட்டர். ஓர் எட்டுக்கு (காலடிக்கு) 30 செ.மீ. என்றாலும் பத்து எட்டில் இடம் தீர்ந்துவிடும். ஏறி வருபவர் மூன்று நான்கு காம்பினேஷனில் (தொடர் குத்துகளில்) அந்தப் பத்தையும் வாங்கிவிடுவார். முன்னால் வருகிறவர் வேகத்துக்குப் பின்னால் போகிறவரால் ஈடுகொடுக்கவும் முடியாது.

அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நேராகப் பின்னால் இரண்டு எட்டு, அதற்கு மேல் கூடாது. மூன்றாவது அசைவு பக்கவாட்டிலோ சுழற்சியிலோதான்.

முதலில் அந்த இரண்டு எட்டைச் சரியாக வையுங்கள். எந்தத் திசையில் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால்தான் முதலில் நகரும். பின்னால் போக, முன்கால் தரையைத் தள்ள வேண்டும், பின்கால் ஓர் அடி போக வேண்டும், பிறகு முன்கால் அதே அளவு பின்தொடர வேண்டும். பலர் பதற்றத்தில் முன்காலை முதலில் இழுத்துவிடுவார்கள். இரண்டு பாதமும் ஒட்டிக்கொள்ளும், அந்த நொடியில் லேசான ஜாப் (முன்கையால் போடும் நேர்க்குத்து) பட்டாலே உட்கார்ந்துவிடுவீர்கள். இன்னொரு தவறு, எடை முழுவதும் பின்காலின் குதிகாலில் போய்விடுவது. தாடை தூக்கும், திருப்பி அடிக்கவும் முடியாது. பின்குதிகால் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பியே இருக்கட்டும்.

இனி வெளியேறுவது. நீங்களும் அவரும் ஆர்த்தடாக்ஸ் (இடதுகாலை முன்வைத்து நிற்பவர்கள்) என்று வைத்துக்கொள்வோம். அவர் எடையை முன்காலில் போட்டுப் பாயும்போது, உங்கள் இடது பாதத்தின் முன்பகுதியை ஊன்றிக் கடிகார முள் போகும் திசையில் சுழலுங்கள். வலதுகால் உங்களுக்குப் பின்னாலேயே வளைந்து இடப்பக்கம் வந்து இறங்கும். 45 பாகை போதும், 90 கிடைத்தால் அவருடைய பக்கவாட்டு முழுக்க உங்களுக்குத் திறந்திருக்கும். சுழலும்போதே இடது ஹூக் (வளைத்து அடிக்கும் குத்து) போட்டால் அதுதான் செக் ஹூக். 2007 டிசம்பரில் ரிக்கி ஹேட்டனை ஃபிளாய்ட் மேவெதர் பத்தாவது ரவுண்டில் இப்படித்தான் பிடித்தார். பாய்ந்து வந்த ஹேட்டன் குத்தை வாங்கிக்கொண்டு நேராகக் கார்னர் கம்பத்தில் போய் மோதினார். ஆனால் எதிராளியின் வலது கை உங்கள் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். இடது தோளை உயர்த்தித் தாடையை அதற்குள் புதைத்துத்தான் சுழல வேண்டும். அவர் பாய்வதற்கு முன்பே சுழன்றால், அவரும் நிதானமாகத் திரும்பி உங்களுக்கு எதிரே நிற்பார், இந்தச் சுழற்சி (பிவட்) வீண்.

வலப்பக்கம் போவதென்றால் வலதுகால் முதலில். அங்கே காத்திருப்பது அவருடைய இடது ஹூக், எனவே வலது கிளவுஸ் கன்னத்தை விட்டு விலகக் கூடாது. எதிராளி சவுத்பா (வலதுகாலை முன்வைத்து நிற்பவர்) என்றால் உங்கள் இடதுகால் அவருடைய வலதுகாலுக்கு வெளியே இருக்கும்படி இடப்பக்கமே நகருங்கள்; அவருடைய வலுவான இடது கையிலிருந்து அப்போது விலகிப் போகிறீர்கள்.

ரவுண்டு முழுக்க வட்டமடித்துத் தப்பிக்கலாம் என்ற யோசனையை எனக்குப் பிடிப்பதே இல்லை. நீங்கள் வளைவில் போகிறீர்கள், அவர் குறுக்கே வெட்டி வருகிறார். உங்கள் மூன்று எட்டுக்கு அவருக்கு ஒன்று போதும். 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மேன் முகமது அலிக்கு அப்படித்தான் வழி மறித்தார், அலியே ஆடுவதை நிறுத்திவிட்டுக் கயிற்றில் சாய வேண்டியிருந்தது. அங்கே நின்று தாங்க அலியின் உடம்பு வேண்டும், அந்தப் பாகத்தைப் பின்பற்றாதீர்கள். எதிராளியின் முன்கால் உங்கள் வழிக்குக் குறுக்கே வந்ததும் திசையை மாற்றுங்கள்: இடப்பக்கம் இரண்டு எட்டு, சட்டென்று வலப்பக்கம்.

இன்னொன்று, வெறும் காலால் யாரையும் நிறுத்த முடியாது. இரண்டு எட்டு போனதும் நின்று ஒரு ஜாப் போடுங்கள், நெற்றியில் பட்டாலும் சரி, மார்பில் பட்டாலும் சரி. அவர் கால் ஒரு கணம் நிற்கும், பக்கவாட்டில் விலக அந்தக் கணம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். இடமே இல்லாவிட்டால் உள்ளே நுழைந்து கிளிஞ்ச் பிடியுங்கள், அதாவது அவர் கைகளைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். அகலமான ஹூக் வரும்போது பின்னால் போவதைவிட ஒரு அடி உள்ளே போவது பாதுகாப்பு.

பயிற்சிக்குத் தரையில் டேப்பால் இரண்டரை மீட்டர் சதுரம் ஒட்டுங்கள். முதல் 3 நிமிட ரவுண்டில் ஜோடி கார்டோடு (முகத்தைக் காக்கக் கைகளை உயர்த்தி) உங்களை நோக்கி நடந்து வந்தால் போதும், குத்து வேண்டாம். நீங்கள் கோட்டைத் தொடாமல் இரண்டு எட்டு, பிவட், இரண்டு எட்டு, பக்க எட்டு என்று மாற்றி மாற்றி வெளியேற வேண்டும். இரண்டாவது ரவுண்டில் அவர் ஜாப் மட்டும், மூன்றாவதில் எல்லாக் குத்தும் அரை வேகத்தில். கால்கள் குறுக்கிடத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள். களைத்த காலோடு தவறாகச் செய்வதும் பழகிவிடும், ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) அதுதான் முதலில் வெளியே வரும்.