பேப்பரை நிறுத்திவிடலாமா?

போன இதழில், எங்கள் தெருவுக்குப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்த பையன் வேலையை விட்டுப் போனதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சினிமாவும் ஜோசியமும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் பெயர் கிடையாது, ஊர் மட்டும்.

கோவில்பட்டி வாசகர்: "போனில்தான் எல்லாம் வருகிறதே, எதற்கு மாசாமாசம் காசு கொடுத்துப் பேப்பர்?" என்கிறான் என் மகன். நிறுத்திவிடலாமா சார்?

முதலில் நீங்கள் அதைப் படிக்கிறீர்களா என்று சொல்லுங்கள். மடிப்புக் கலையாமல் எடைக்குப் போகிறது என்றால் தாராளமாக நிறுத்துங்கள், பாவமில்லை. படிக்கிறீர்கள் என்றால் மகனிடம் ஒன்று கேளுங்கள். நேற்று அவர் போனில் கோவில்பட்டியைப் பற்றி என்ன வந்தது? ஒரு விபத்து வீடியோ வந்திருக்கும். குடிதண்ணீர் எந்த வார்டுக்கு எப்போது வரும் என்பது வந்திருந்தால் அவர் ஜெயித்தார், நான் தோற்றேன்.

தஞ்சாவூர் வாசகர்: வாங்குகிறவர்கள் குறைந்ததால்தானே பேப்பர்கள் நொடிக்கின்றன? எல்லோரும் மனசு வைத்து வாங்கினால் பிழைத்துக்கொள்ளும் அல்லவா?

நல்ல மனசு உங்களுக்கு. நான் மதுரையில் ஒரு தமிழ் நாளிதழில் 31 வருடம் டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடும் மேஜையில், உட்கார்ந்தவன். வாசகர் கொடுக்கும் காசில் ஒரு பேப்பர் பிழைத்து நான் பார்த்ததில்லை. 16 பக்கப் பேப்பர் ஒன்றைத் தராசில் வைத்தால் கிட்டத்தட்ட 60 கிராம் வரும். அந்தக் காகிதத்தின் விலை, மை, மின்சாரம், வேன் வாடகை, ஏஜென்ட் கமிஷன், விற்காமல் திரும்பி வரும் கட்டு எல்லாவற்றையும் கூட்டினால், நீங்கள் கொடுக்கும் காசு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். மீதியைக் கொடுத்தவர் விளம்பரதாரர். ஒரு டீ விலையைவிடக் குறைவாகப் பேப்பர் கிடைக்கும் என்று வாசகரைப் பழக்கியதும் நாங்கள்தான். போட்டியில் 1 ரூபாய்க்குக்கூட விற்ற காலம் ஒன்று இருந்தது. கடைசியில் அது நம் காலிலேயே விழுந்த கல்.

காகித விலை சமாசாரம் தனி. 2019 பட்ஜெட்டில் இறக்குமதி அச்சுக் காகிதத்துக்கு 10 சதவீத சுங்க வரி போட்டார்கள். கூச்சல் எழுந்த பிறகு அடுத்த வருடம் அதை 5 ஆக்கினார்கள். 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யக் காகிதம் வருவது தடைபட்டது. விலை 2020-ல் இருந்ததைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. நம் கரூர் பக்கத்தில் காகிதபுரம் ஆலை இருக்கிறதே என்பீர்கள். கரும்புச் சக்கையில் செய்தித்தாள் காகிதமும் எழுதுகிற தாளும் செய்ய ஆரம்பித்த ஆலைதான் அது. இன்றைக்கு அதற்குப் பேர் வாங்கித் தருவது எழுதவும் அச்சடிக்கவும் ஆகும் வெள்ளைத்தாள்.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரப் பக்கங்கள் நினைவிருக்கிறதா? மணமகள் தேவை, வீடு வாடகைக்கு, ஆட்கள் தேவை. எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். எங்கள் ஆபீசில் சனிக்கிழமை சாயங்காலம் அந்த கவுன்ட்டரில்தான் கூட்டம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, கட்டத்துக்கு ஒரு வார்த்தையாக எழுதி எண்ணிக்கொண்டிருப்பார்கள். திருமண இணையதளங்கள் வந்தன, வீட்டுத் தரகும் போனுக்குள் போனது, கவுன்ட்டரில் ஈ ஆடியது. செய்தியைப் படிக்கிறவர் அப்போது ஒருவர்கூடக் குறைந்திருக்கவில்லை. ஆனால் என் சம்பளம் வந்துகொண்டிருந்த வாய்க்கால் அன்றைக்கே அடைபட்டுவிட்டது. அது எங்களுக்கு உறைக்கப் பத்து வருடம் ஆனது.

ஆஸ்திரியாவில் 'வீனர் சைட்டுங்' என்று ஒரு பேப்பர், 1703-ல் ஆரம்பித்தது. 320 வருடம் கழித்து 2023 ஜூன் 30-ல் தினசரி அச்சு நின்றது. கம்பெனிகள் தங்கள் அறிவிப்புகளை அதில் காசு கொடுத்து வெளியிட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள், பேப்பருக்கு மூச்சு முட்டியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கேயும் வங்கி ஒரு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு நாளிதழில் அறிவிப்புப் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நிலம் எடுப்பு அறிவிப்புக்கும் அப்படியே. நீங்கள் புரட்டிவிட்டுப் போகும் அந்தப் பொடி எழுத்துப் பக்கங்கள்தான் பல பேப்பருக்கு இன்றைய கஞ்சி.

கிள்ளான் வாசகர், மலேசியா: எங்கள் 'தமிழ் நேசன்' நின்றுபோய் வருஷங்கள் ஆகிவிட்டன. எல்லாம் இணையம் செய்த வேலைதானா?

1924-ல் ஆரம்பித்த பேப்பர் 2019 தொடக்கத்தில் நின்றது. என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு சாவுச் செய்திதான். ஆனால் பழியை முழுக்க இணையத்தின் தலையில் கட்டாதீர்கள். 1882-ல் தொடங்கிய 'சுதேசமித்திரன்', பாரதியார் உதவி ஆசிரியராக உட்கார்ந்த பேப்பர், இணையம் என்ற வார்த்தையே நம் ஊருக்கு வருவதற்கு முன் மறைந்துவிட்டது. சிங்கப்பூரில் 1935-ல் வந்த 'தமிழ் முரசு' இன்னும் அச்சில் வருகிறது. பின்னால் தாங்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்பதிலும் ஆயுசு இருக்கிறது.

காரைக்குடி வாசகர்: டீக்கடைகளில் இப்போது பேப்பரைக் காணோமே, கவனித்தீர்களா?

கவனிக்காமல் இருப்பேனா? 1942-ல் ஆதித்தனார் மதுரையில் 'தினத்தந்தி'யை ஆரம்பித்தபோது, அதிகம் படிக்காதவரும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி எழுதச் சொன்னார். அந்தத் தமிழுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது டீக்கடை பெஞ்ச். ஒரு பேப்பர் வாங்கினால் இருபது பேர் படிப்பார்கள். நடுப்பக்கம் ஒருத்தரிடம், விளையாட்டுப் பக்கம் இன்னொருத்தரிடம் இருக்கும். ஒருவர் சத்தமாக வாசிப்பார், எழுத்துத் தெரியாதவர் கேட்டுவிட்டு மறுத்துப் பேசுவார். இரண்டு கட்சிக்காரர்களும் அதே செய்தியை வைத்துத்தான் சண்டை போட வேண்டும், வேறு செய்தி கிடையாது. இப்போது அதே பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து நாலு போனைப் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு செய்தி ஓடுகிறது. சண்டைக்குக்கூடப் பொதுவில் ஒன்றும் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பேப்பரில் கிருமி ஒட்டியிருக்கும் என்று ஒரு பயம் கிளம்பியது. டீக்கடையே மூடிக்கிடந்தது. கடை திரும்பத் திறந்தபோது பேப்பர் திரும்பவில்லை. எங்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டேன். "பேப்பர் போட்டா உக்காந்துட்டே இருக்காங்க சார், போன்னா டீ குடிச்சிட்டுக் கிளம்பிடறாங்க" என்றார். வியாபாரம் தெரிந்தவர்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். போனில் வரும் செய்தித் தலைப்புகள் மோசம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். 'பிரபல நடிகர் எடுத்த அதிரடி முடிவு' என்று இருக்கும், உள்ளே போனால் மீசையை எடுத்திருப்பார். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான். பெட்டிக்கடை வாசலில் தொங்கும் போஸ்டர் இருக்கிறதே, அதை எழுதுவது டெஸ்க் வேலை. ஐந்தாறு வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. விஷயத்தைச் சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், சொல்லிவிடவும் கூடாது. சொல்லிவிட்டால் யார் காசு கொடுத்து வாங்குவார்? ஒரு முறை 'மதுரையில் பரபரப்பு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு காளை பஸ்ஸுக்குள் ஏறிவிட்டது, அவ்வளவுதான். அன்றைக்கு ரிடர்ன், அதாவது விற்காமல் திரும்பி வந்த பேப்பர், ரொம்பக் குறைவு. மறுநாள் ஏஜென்ட் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "இனிமே காளைக்கெல்லாம் என் கஸ்டமர்கிட்ட நான் திட்டு வாங்க முடியாதுண்ணே" என்றார்.

சிவகாசி வாசகர்: பேப்பரே இல்லாமல் போனால் பஜ்ஜியை எதில் மடித்துக் கொடுப்பார்கள்?

வாழையிலையில். செய்தித்தாளில் உணவுப் பண்டம் மடிக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி 2018-லிருந்தே சொல்கிறது. நான் எழுதிய தலையங்கம் ஒன்று எண்ணெய் குடித்துப் பளபளவென்று என் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. அதுவே அதற்குக் கிடைத்த பெரிய வரவேற்பு.

கும்பகோணம் வாசகி: இணையத்தில் தப்பு வந்தால் உடனே திருத்திவிடலாம். அச்சில் வந்தால் வந்ததுதான். அந்த வகையில் இணையம் மேல் அல்லவா?

மேல்தான் அம்மா. ஆனால் திருத்த முடியாது என்ற பயம் என்ன செய்யும் என்று ஒரு கதை சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஓர் இரவு, நினைவஞ்சலி விளம்பரத்தில் இறந்தவர் படத்துக்குப் பதில் அவர் தம்பி படத்தை ஏற்றிவிட்டோம். இரண்டு பேருக்கும் ஒரே மீசை, ஒரே கண்ணாடி. பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். காலையில் ஆறு மணிக்கு அந்தத் தம்பியே ஆபீசுக்கு வந்துவிட்டார். கையில் பேப்பர். வாட்ச்மேன் அவரைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், பேசாமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நிற்கவைத்து அவர் அம்மா கேட்டார்: "ஒண்ணுதான் போச்சுன்னு இருந்தேன், இன்னொண்ணையும் அனுப்பிட்டியாப்பா?" மறுநாள் அதே இடத்தில் அதே அளவில் சரியான படத்தோடு போட்டோம், வருந்துகிறோம் என்று பெட்டியும் போட்டோம். அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை எந்தப் படமானாலும் பின்பக்கம் எழுதியிருக்கும் பெயரைத் திருப்பிப் பார்க்காமல் நான் பக்கத்தை விட்டதில்லை. இன்றைக்கு அது நடந்தால் இரண்டு நிமிடத்தில் படத்தை மாற்றிவிடலாம். அந்த அம்மா முன்னால் யாரும் போய் நிற்க வேண்டியிருக்காது.

உசிலம்பட்டி வாசகி: என் மகள் பத்திரிகையாளர் ஆக ஆசைப்படுகிறாள். இந்த நிலைமையில் அனுப்பலாமா? நீங்கள் எங்கள் பக்கத்துக்காரர் மாதிரி, உண்மையைச் சொல்லுங்கள் அண்ணா.

உங்கள் ஊர்ச் செய்தியை நான் எத்தனை வருடம் எடிட் செய்திருக்கிறேன் தெரியுமா? அப்போது தாலுகாவுக்கு ஒரு நிருபர் உண்டு. முக்கால்வாசிப் பேருக்குச் சம்பளம் கிடையாது. மாசக் கடைசியில் அச்சில் வந்த தன் செய்திகளையெல்லாம் வெட்டி ஒட்டி அனுப்புவார்கள். ஆபீசில் ஸ்கேல் வைத்து அளந்து, இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கொடுப்பார்கள். அதனால் சிலர் இழுத்து இழுத்து எழுதுவார்கள், நான் வெட்டுவேன், திட்டு விழும். செய்தி வருவது பஸ்ஸில். சாயங்காலம் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்துவிடுவார்கள், எங்கள் ஆபீஸ் பையன் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கி வருவான்.

வைகை அணைத் தண்ணீரை உங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குக் கொண்டுவரக் கேட்ட 58 கிராமக் கால்வாய்க்காக நடந்த மனு, மறியல், கடையடைப்பு எல்லாம் அந்தக் கவரில்தான் வந்தது. பெரும்பாலும் ஒற்றைப் பத்தி, ஏழாம் பக்கம், 'விவசாயிகள் கோரிக்கை' என்று உப்புச் சப்பில்லாத தலைப்பு. அந்தத் தலைப்பைப் போட்டவனும் நான்தான். இன்றைக்கு எத்தனை பேர் ஒரு செய்தியைத் தொட்டார்கள் என்று கணக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் அந்தச் செய்தி முதல் நாளே செத்திருக்கும். அச்சுக் காலத்தில் யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டே இருந்தோம். காகிதம் போவதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. அந்தக் கவரைக் கொடுத்துவிட ஊரில் ஆள் இல்லாமல் போனதுதான் உறுத்துகிறது. பல தாலுகாவில் இப்போது யாரும் இல்லை, இருக்கிறவர் மூன்று தாலுகாவைச் சேர்த்துப் பார்க்கிறார். நேரம் ஏது? கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை அப்படியே தள்ளிவிடுகிறார்.

மகளை அனுப்புங்கள். சென்னையில் ஸ்டுடியோவுக்குள் உட்காரும் வேலைக்கு வரிசை நிற்கிறது. ஒரு ஊராட்சியின் வரவுசெலவுக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளவும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடவும் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கூடவே, முதல் மூன்று வருடம் வீட்டிலிருந்து சாப்பாட்டுக்குக் கொடுக்க உங்களால் முடியுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இனிப்புத் தடவிச் சொல்ல எனக்கு வரவில்லை.

பெரியகுளம் வாசகர்: உங்கள் வீட்டில் இப்போது எத்தனை பேப்பர்? உண்மையைச் சொல்லவும்!

ஆச்சரியக்குறி எதற்கு, சொல்கிறேன். ஒரு காலத்தில் நாலு, இப்போது ஒன்று. காலையில் எழுந்ததும் நானும் போனைத்தான் பார்க்கிறேன். கிரிக்கெட் முடிவு போனில் தெரிந்துவிடுகிறது. பேப்பரிலோ, ஆட்டம் முடிய நேரமானால், வெளியூர்ப் பதிப்பில் பாதி ஆட்டம்தான் இருக்கும்.

பேப்பரை விரித்ததும் முதலில் நான் தேடுவது அணை நிலவரப் பெட்டி. வைகை 71 அடிக்கு இன்றைக்கு எத்தனை, பெரியாறு எத்தனை. உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வைகை 66 அடி தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை. மழைக்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு போன் வரும். யார், எந்த ஊர் என்றெல்லாம் கிடையாது, "அணை எவ்வளவு சார்?" என்பார்கள். சொன்னதும் வைத்துவிடுவார்கள்.

பேப்பர் முன்பெல்லாம் ஐந்தரைக்கு வாசலில் விழும். இப்போது ஏழரை ஆகிறது. புதுப் பையன் கிடைக்கவில்லை, ஏஜென்டே மொபெட்டில் வந்து போடுகிறார். அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட. மாடி வீடுகளுக்கு எறிந்து பார்க்கிறார், முன்போல் கை எட்டவில்லை. நாங்கள் கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறோம்.