கரண்ட் 25 நாளா, 15 நாளா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 48. மார்பகப் புற்றுநோய்க்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். கீமோவும் முடிந்தது. ரேடியேஷன் (கரண்ட் வைப்பது) 15 சிட்டிங் போதும் என்கிறார் மதுரை டாக்டர். உறவுக்காரப் பெண்ணுக்கு முன்பு 25 வைத்தார்கள். குறைத்து வைக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. 5 லட்ச ரூபாய் பாலிசியில் 1.7 லட்சம்தான் மிச்சம். எஃப்.டி.யை உடைப்பதா, நகையை அடகு வைப்பதா? – தென்காசி வாசகர், மளிகைக் கடை.

பதில்: முதலில் பயத்தைப் பார்ப்போம். அந்தக் காலத்தில் 25 நாளில் 50 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). இப்போது 15 நாளில் 40 கிரே. மொத்தம் குறைகிறது, ஆனால் ஒவ்வொரு நாளும் வைக்கும் அளவு கூடுகிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் பெண்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இப்படி நாளைக் குறைக்கும் முறைக்கு ஆதரவாகவே வந்தன. ஐந்தே நாளில் 26 கிரே வைக்கும் முறைக்கும் பிரிட்டன் ஆய்வு முடிவுகள் 2020-ல் வந்தன. யாருக்கு எது என்பது டாக்டர் வேலை, என் வேலை இல்லை.

என் கணக்கு வேறு. மதுரையில் லாட்ஜ் 900, இருவர் சாப்பாடு 500, ஆட்டோ 200 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 1,600. வாரத்துக்கு ஐந்து சிட்டிங் என்பதால் பத்து சிட்டிங் குறைந்தால் இரண்டு வாரம் குறைகிறது; சனி, ஞாயிறும் அங்கேயே தங்குவதாக வைத்தால் 14 நாளுக்கு 22,400 ரூபாய் மிச்சம். பூட்டிக் கிடக்கும் கடையை இதில் நான் சேர்க்கவே இல்லை.

மருத்துவமனையில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: பில் பேக்கேஜா, சிட்டிங் கணக்கா? 50 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கட்டி இருந்த இடத்தில் மட்டும் 'பூஸ்ட்' என்று சில சிட்டிங் கூடுதலாக வைப்பதுண்டு. பிளானிங் ஸ்கேன் கட்டணமும் தனியாக வரலாம். இவை எல்லாம் சேர்த்து எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். அதை வைத்து மொத்த கோர்ஸுக்கும் ஒரே தடவையில் கேஷ்லெஸ் அனுமதி கேளுங்கள்.

என்னிடம் வந்த ஒருவர் ரேடியேஷன் ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் கட்டிக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் ஆபரேஷனுக்குப் பிந்தைய செலவு என்று அனுப்பியிருந்தார். அந்தச் செலவுக்கு அவர் பாலிசியில் இருந்த 60 நாள் கெடு தாண்டியிருந்ததால் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. ரேடியேஷன் பெரும்பாலான பாலிசிகளில் டே-கேர் சிகிச்சை, அதாவது இரவு தங்காமல் அன்றே முடியும் சிகிச்சை. அந்தத் தலைப்பில்தான் கேட்க வேண்டும். உங்கள் பாலிசிப் பத்திரத்தில் அந்தப் பக்கத்தை இன்றே பாருங்கள். புதுப்பித்தால் மறுபடி 5 லட்சம் கிடைக்குமே என்று சிகிச்சையைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். அதே சமயம் பிரீமியம் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

1.7 லட்சத்துக்கு மேல் போனால்? எஃப்.டி.யை உடைக்காதீர்கள், அதன்மேல் கடன் வாங்குங்கள். பொதுவாக டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். வரிச் சலுகைக்காகப் போட்ட ஐந்தாண்டு எஃப்.டி. என்றால் அதன்மேல் கடன் கிடையாது, அப்போது நகைக்கு வாருங்கள். அதுவும் வங்கியில்.

இன்னொன்று, ரேடியேஷன் வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி வரைதான். வாரக் கடைசியில் ஊருக்கு வந்து கடையைத் திறக்கலாம். சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் இரண்டாம் வகுப்பில் நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தை முதல் நாளே மருத்துவமனையில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.