மூன்று வயதில் பாலர் பள்ளி: அப்படி என்ன பயன்?

"மூணு வயசுப் பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்தால் பயன் உண்டா, இல்லை பணம்தான் வீணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை எண்ணுகிறது, உங்கள் பிள்ளை எண்ணவில்லை. அதுதானே கவலை?

நான் இந்த வயதுப் பிள்ளைகளோடு வேலை பார்ப்பவள். "சொந்தத் தொழிலுக்கு விளம்பரம்" என்று சிலர் கிளம்புவார்கள். கிளம்பட்டும்.

எங்களிடம் ஒரு பையன் இருந்தான். யார் கையில் பொம்மை இருந்தாலும் பிடுங்குவான், தராவிட்டால் கடிப்பான். நாங்கள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் வேணும்னு சொல்லு, மணல் கீழே இறங்கினதும் உன் முறை" என்று மணல் கடிகாரத்தைக் காட்டுவோம். தினமும் அதேதான். ஒருநாள் அவனே கடிகாரத்தைத் தூக்கிவந்து இன்னொரு பிள்ளை முன்னால் வைத்துவிட்டு, மணலை முறைத்துக்கொண்டே காத்திருந்தான். சாயங்காலம் அவன் அப்பா கேட்டார்: "இன்னிக்கு என்ன எழுதினான்?" ஒன்றும் எழுதவில்லை என்றேன். "அப்போ சும்மாதான் இருந்தானா?"

எனக்கு இன்னும் ஆறவில்லை.

1962-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வில் 123 ஏழைப் பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்ந்தவர்களுக்கு முதலில் கூடிய ஐ.க்யூ. சில வருடங்களில் கரைந்துபோனது. ஆனால் 40 வயதில் பார்த்தால், ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் அவர்களில் 36 சதவீதம்; சேராதவர்களில் 55. எழுத்தும் எண்ணும் மட்டும் செய்த வேலையா இது?

சின்ன ஆய்வு, பழைய காலம் என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அதே அமெரிக்காவில் டென்னசி மாநில அரசின் பாலர் வகுப்புகளுக்குப் போன பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்ததாக 2022-இல் ஆய்வு வந்ததும் தெரியும். அதனால்தான் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள் என்கிறேன். பெர்ரியில் ஏறக்குறைய ஆறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்த் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள்.

நீங்கள் போகும் இடத்தில் சுவர்ப் படங்களை விடுங்கள். அழுகிற பிள்ளையிடம் யார் போகிறார், என்ன பேசுகிறார் என்று பாருங்கள். போன வருட ஆசிரியை இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார், சம்பளம் அப்படி. "பிள்ளை பார்த்துக்கற வேலைதானே" என்று வேறு சொல்வார்கள்.

அப்புறம், ராத்திரி பதினொரு மணிக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "என் பையன் பென்சிலைக் காணோம்" என்று போடுகிறவர்களைப் பற்றி யாராவது தனியாக ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தயாராக இருக்கிறது.