பெயரை விடுங்கள், பாட்டிலின் வாயைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் எப்போதோ மூடப்பட்ட பீர் ஆலையின் பெயர் பொறித்த பாட்டில்கள் சில கிடைத்தன. எவ்வளவு பழையவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? கழுவலாமா? இன்னும் சேர்க்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பெயரை அப்புறம் படிக்கலாம். முதலில் பாட்டிலின் பக்கவாட்டில் ஓடும் அச்சுக் கோட்டை, அதாவது கண்ணாடியை வார்த்த அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் விழுந்த கோட்டை, நகத்தால் தடவிக்கொண்டே மேலே போங்கள். கோடு கழுத்திலேயே மறைந்துவிட்டால், வாய்ப்பகுதியைக் கையால் தனியாக முடித்திருக்கிறார்கள். உதட்டின் உச்சிவரை ஏறினால் இயந்திரத்தில் செய்தது. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903 வாக்கில் வந்து, மெல்ல மெல்லத்தான் பரவியது. எனவே கழுத்தில் நிற்கும் கோடு பெரும்பாலும் 1920-க்கு முந்தைய காலத்தைக் காட்டும். கோடே இல்லையா? அச்சுக்குள் சுழற்றி எடுத்திருப்பார்கள், அதுவும் கைவேலைதான்.

அடுத்து மூடி. சோடா மூடி பொருந்தும் வாய் என்றால் 1892-க்கு முன்னால் போக வழியில்லை. வில்லியம் பெய்ன்டர் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஆண்டு அது. கம்பி வைத்து அழுத்தி மூடும் பாட்டில்கள் 1870-களிலேயே உண்டு. ஆனால் அவை வெகுகாலம் புழங்கின, இன்றும் புழங்குகின்றன. அதனால் கம்பியைப் பார்த்ததும் வயதை ஏற்றிவிடாதீர்கள்.

அடிப்பாகத்து எண்ணை ஆண்டு என்று நினைப்பவர்கள் நிறைய. அது பெரும்பாலும் அச்சின் எண். அங்கிருக்கும் முத்திரையும் கண்ணாடித் தொழிற்சாலையுடையதாகவே இருக்கும். ஆலையின் பெயர் உதவுவது வேறு விதத்தில்: முதலாளி மாறினாலோ 'அண்ட் சன்ஸ்', 'லிமிடெட்' என்று சேர்ந்தாலோ பாட்டில் எழுத்தும் மாறும். பழைய செய்தித்தாள் விளம்பரங்களோடு ஒப்பிட்டால் சில ஆண்டுகளுக்குள் வந்துவிடலாம். ஒன்று மட்டும்: பாட்டில்களைத் திரும்ப வாங்கி நிரப்பிய காலம் அது. ஓர் ஆலையின் பாட்டிலில் இன்னோர் ஆலையின் லேபிள் இருந்தால் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

காகித லேபிள் இருந்தால் தண்ணீரே வேண்டாம். உலர்ந்த தூரிகை போதும். மற்றவற்றை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள். சுண்ணாம்புப் படிவுக்கு வினிகர். கம்பித் தூரிகையும் கொதிநீரும் கூடவே கூடாது. பால் படிந்தது போன்ற மங்கல் இருக்கிறதா? அந்த இடத்தை நனைத்துப் பாருங்கள். நனைத்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மெருகேற்றுபவர் கையில்தான் அதற்கு வழி. விற்பவர் எண்ணெய் தடவியும் அதை மறைப்பார், வாங்கும்போது உள்ளே முகர்ந்து பாருங்கள்.

எல்லா ஊர் பாட்டில்களையும் அள்ளாமல் இந்த ஓர் ஆலையோடு நில்லுங்கள் என்பேன். பெயர் மாற்றம் ஒவ்வொன்றுக்கும், வாய் வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில், அதுவும் உதட்டில் சில்லு இல்லாததாக. அடர் ஊதாவில் ஒன்றைக் காட்டி அதிக விலை சொன்னால் விலகிவிடுங்கள். மாங்கனீசு கலந்த நிறமற்ற கண்ணாடி வெயிலில் லேசாகத்தான் ஊதாவாகும். அடர் நிறம் பெரும்பாலும் கதிர்வீச்சால் ஏற்றியது.