படம் உடைகிறதா? பஃபரைக் குறை சொல்வதற்கு முன்

கேள்வி: நேரலை வீடியோவை மல்டிகாஸ்டில் (ஒரே வீடியோவை, கேட்கும் எல்லாத் திரைக்கும் சேர்த்து அனுப்பும் முறை) பல திரைகளுக்கு அனுப்புகிறோம். படம் அவ்வப்போது கட்டம் கட்டமாக உடைகிறது. சில திரைகளில் நான்கு நிமிடம் ஓடிவிட்டு அப்படியே நின்றுபோகிறது. போர்ட் பயன்பாடு 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. பெரிய பஃபர் (பாக்கெட்டுகள் வெளியேறும்வரை காத்திருக்கும் நினைவகம்) உள்ள நெட்வொர்க் சுவிட்ச் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரிகிறது.

அந்த நான்கு நிமிடம் நல்ல துப்பு. எந்தப் போர்ட்டில் எந்த வீடியோ தேவை என்பதை சுவிட்சிலுள்ள ஐஜிஎம்பி ஸ்நூப்பிங் என்ற வசதி குறித்து வைத்துக்கொள்ளும். "இன்னும் வேண்டுமா?" என்று வழக்கமாக 125 விநாடிக்கு ஒருமுறை கேட்க ஒரு குவெரியர் இருக்க வேண்டும். கேட்க ஆளில்லை என்றால் 260 விநாடியில் குறிப்பு காலாவதியாகிவிடும், படமும் நிற்கும். வீடியோ போகும் விலானில் (சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) ரூட்டரிலோ சுவிட்சிலோ குவெரியரை இயக்கிவிடுங்கள். ஸ்நூப்பிங்கையே அணைத்தாலும் படம் ஓடும்தான். ஆனால் எல்லா வீடியோவும் எல்லாப் போர்ட்டிலும் போய்க் கொட்டும். 100 மெகாபிட் கருவிகள் முதலில் திணறும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, படம் உடைவது ஏன்? 30 சதவீதம் என்பது சில நிமிடங்களின் சராசரி. பாக்கெட் தொலைவதோ மில்லி விநாடிக்குள். 10 கிகாபிட் இணைப்பில் முழு வேகத்தில் வருவது 1 கிகாபிட் போர்ட் வழியே வெளியேற வேண்டும் என்று வையுங்கள். 1 மெகாபைட் பஃபர் ஒரு மில்லி விநாடிக்குள் நிரம்பிவிடும். பத்து மடங்கு பெரிதாக வாங்கினாலும் ஒன்பது மில்லி விநாடிக்கு மேல் தாங்காது. வீடியோ யுடிபி என்ற, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத முறையில் போவதால் விழுந்த பாக்கெட்டை மறுபடி அனுப்ப யாருமில்லை. திரையில் தெரியும் கட்டம் அதுதான்.

பல என்கோடர்களின் (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் கருவிகள்) முழு ஃபிரேம்கள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தாலே இப்படி ஆகும். பாக்கெட்டுகளைச் சீரான இடைவெளியில் அனுப்பும் வசதி என்கோடரில் இருந்தால் இயக்குங்கள். அப்புறம், பல சுவிட்சுகளில் பஃபர் எல்லாப் போர்ட்டுக்கும் பொது. பக்கத்துப் போர்ட்டில் ஓடும் பேக்கப்கூட உங்கள் பங்கைத் தின்னும். வீடியோவுக்குத் தனி வரிசை ஒதுக்குங்கள். ஃப்ளோ கன்ட்ரோலை (நெரிசலானால் அனுப்புநரைச் சற்று நிறுத்தச் சொல்லும் வசதி) இங்கே நம்பவே கூடாது: மெதுவான ஒரே ஒரு திரைக்காக அனுப்புநரை நிறுத்தினால் மற்ற எல்லாத் திரையும் சேர்ந்து நிற்கும்.

இவ்வளவுக்கும் முன்னால், திரை இருக்கும் போர்ட்டில் வெளிச்செல்லும் டிஸ்கார்ட் (சுவிட்ச் கைவிட்ட பாக்கெட்) எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் உடைந்ததும் மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் பஃபர் பக்கம் வாருங்கள். ஏறவில்லை என்றால் அந்தப் பாதையிலுள்ள மற்ற சுவிட்சுகளையும், சிஆர்சி பிழை (பாக்கெட் வழியில் சிதைந்ததன் அடையாளம்) காட்டும் கேபிளையும் பாருங்கள்.