தோமாவின் எட்டு நாட்கள்

அன்புள்ள ஐயா,

12 வருடமாக எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். போன வருடம் என் வகுப்பில் இருந்த 9 வயதுப் பையன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். சபையே உபவாசமிருந்து ஜெபித்திருந்தோம். அதிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் எதிரில் யாருமே இல்லை என்றுதான் தோன்றுகிறது. போன வாரம் ஒரு சிறுமி, "எல்லாரும் ஜெபம் பண்ணினோமே டீச்சர், அப்புறம் ஏன் அவன் செத்துப்போனான்?" என்று கேட்டாள். "ஆண்டவருக்கு அவன்மேல் ரொம்பப் பிரியம், அதனால் கூப்பிட்டுக்கொண்டார்" என்று சொல்லிவிட்டேன். நானே நம்பாத பதில். சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்று வேதத்தில் எழுதியிருக்கிறார் யாக்கோபு. நான் வகுப்பை விட்டுவிட வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். யாக்கோபின் அந்த வசனத்தில் தொடங்குகிறேன், உங்களை அதிகமாக வாட்டுவது அதுதான் என்று தெரிகிறது. நீங்கள் சொல்வது முதல் அதிகாரம் 6-ஆம் வசனம். 5-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்கிறார். அந்தத் தேவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்கிறார். இந்த வாசலைத் தாண்டித்தான் அலைக்குப் போக வேண்டும். கேட்க வருகிறவரை விரட்டுவதற்காக எழுதப்பட்ட வசனம் இல்லை அது. ஆனால் நம்மில் பலர் அதை அப்படித்தான் பயன்படுத்துகிறோம். எனக்கு அதில் உண்மையாகவே கோபம் உண்டு.

அப்புறம் இயேசுவின் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவரான தோமா. சந்தேகத் தோமா என்று அவர்மேல் ஒரு பட்டத்தை ஒட்டிவிட்டோம். யோவான் சுவிசேஷம் 11-இல் இயேசு ஆபத்தான யூதேயாவுக்குத் திரும்பக் கிளம்பும்போது, "அவரோடு சாக நாமும் போவோம் வாருங்கள்" என்று மற்றவர்களை அழைத்த மனிதர் அவர். அந்த அளவுக்கு நேசித்தவர் கொல்லப்பட்டபோது எவ்வளவு உடைந்திருப்பார்? 20-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டோம் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டது கூடுதல் சலுகை ஒன்றும் இல்லை. மற்ற சீஷர்களுக்கு இயேசு ஏற்கெனவே தம் கைகளையும் விலாவையும் காட்டியிருந்தார். அந்த நேரம் தோமா அங்கே இல்லை, அவ்வளவுதான்.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அதற்கடுத்த வரியில். எட்டு நாளைக்குப் பின்பு சீஷர்கள் மறுபடியும் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." அந்த எட்டு நாளை யோசித்துப் பாருங்கள். பத்துப் பேர் கண்டோம் என்கிறார்கள், ஒருவர் நம்பமாட்டேன் என்கிறார். அவரும் விட்டுப் போகவில்லை, அவர்களும் வெளியே அனுப்பவில்லை. இயேசு வந்தபோது தோமா சொன்ன நிபந்தனையையே எடுத்து, விரலை இங்கே நீட்டு என்றார். எட்டு நாளுக்கு முன் சொன்ன வார்த்தை அவர் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது.

என் அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு இந்த நிலைமை வந்தது. தினமும் சத்தமாக ஜெபிக்கிறவர். பல மாதங்கள் வேதப் புத்தகத்தை மூடியபடி மடியில் வைத்து, மேலே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். எழும்போது மட்டும், "ஆண்டவரே, நான் இங்கதான் இருக்கேன்" என்பார். எனக்கு அப்போது பயமாக இருந்தது. அதுவும் ஜெபம்தான் என்று எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் வேதத்தில் உள்ள ஜெபப் பாடல்களில் 88-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஏதோ ஒரு நம்பிக்கையில் வந்து நிற்கும். இது அப்படி முடியவில்லை. எபிரெயத்தில் இதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். மாற்கு 9-இல், அவதிப்பட்ட மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் கண்ணீரோடு கதறினதும் உங்களுக்கு உதவும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அவர் விசுவாசம் முழுமையாகட்டும் என்று இயேசு காத்திருக்கவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். ஆனால் உங்கள் பையன் குணமாகவில்லை. ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். வேதத்தில் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களிடமும் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது; கடைசியில் தேவன் கோபப்பட்டது அவர்கள்மேல்தான்.

இதைச் சபையில் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பதறாமல் கேட்கக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். அன்னை தெரசாவே பல பத்தாண்டுகள் உள்ளே இருளோடு இருந்தார் என்பது 2007-இல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தபோது உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அவரும் அதைச் சில குருமாருக்குத்தான் எழுதியிருந்தார். தூக்கமும் பசியும் சேர்ந்து போயிருந்தால் மருத்துவரையும் பாருங்கள், அது விசுவாசக் குறைவாகாது.

வகுப்பை விட வேண்டாம் என்பதே என் எண்ணம். களைப்பாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் கூடிவருவதை நிறுத்தாதீர்கள். அந்தச் சிறுமிக்குச் சொன்ன பதிலை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆண்டவருக்குப் பிரியமானால் எடுத்துக்கொள்வார் என்று கேட்ட குழந்தை, அவருக்குப் பிரியமாக இருக்கவே பயப்படும். அடுத்த ஞாயிறு அவளைத் தனியாகக் கூப்பிடுங்கள். "அன்றைக்கு நான் சொன்னது சரியில்லை கண்ணு. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. நானும் ஆண்டவரிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவளுக்கு அவனைப் பற்றிப் பேச நிறைய இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.