போனை வைத்தது சரிதான், தம்பி

வீரவநல்லூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, சிங்கப்பூர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மனிதவள அமைச்சிலிருந்து பேசுவதாக ஒருவர் கூப்பிட்டு, வேலை அனுமதியில் சிக்கல், வாட்ஸ்ஆப் வீடியோவில் வாருங்கள் என்றார். பயந்துபோய் வைத்துவிட்டேன். தப்பா? இங்கே வேறு எதிலெல்லாம் கவனமாக இருக்கணும்?"

தப்பே இல்லை, தம்பி. நிம்மதியாகத் தூங்குங்கள். அங்கே எந்த அரசு அதிகாரியும் போனில் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார், வங்கி ரகசிய எண் கேட்க மாட்டார், பேசிக்கொண்டிருக்கும்போதே "இதோ போலீசுக்கு மாற்றுகிறேன்" என்று மாற்றவும் மாட்டார். புது எண்ணிலிருந்து வரும் அழைப்பில் கூட்டல் குறியோடு சிங்கப்பூரின் 65 தெரிந்தால் எடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்குத்தான் அந்தக் குறி வரும், உள்ளூர் அழைப்புக்கு வராது. சந்தேகம் வந்தால் அங்கே மோசடி பற்றிக் கேட்கிற உதவி எண்ணான 1799க்குக் கூப்பிடுங்கள், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

உங்களை நினைத்து எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தங்கும் விடுதியில் நல்லாப் பழகுகிற ஆளே வந்து, "உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, மாசம் முந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறேன்" என்பான். ஊருக்குக் கடன் கட்ட வேண்டிய பையனுக்கு முந்நூறு வெள்ளி பெரிய காசு. வேண்டவே வேண்டாம். ஏமாற்றிப் பறித்த பணம்தான் அந்தக் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் உங்கள் பெயரைத்தான் தேடி வரும். 2024 பிப்ரவரி முதல் சட்டம் கடுமையாகிவிட்டது. அங்கே அரசுச் சேவைகளுக்கு இணையத்தில் நுழைகிற கணக்கான சிங்பாஸின் விவரத்தைக் காசுக்காக அடுத்தவனுக்குக் கொடுத்தாலே 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்புவது கஷ்டம்.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு தீபாவளிக்குத் திருவனந்தபுரம் வழியாக ஊருக்கு வர, முகநூலில் பார்த்த ஓர் ஆளிடம் 380 வெள்ளி கட்டினேன். முன்பதிவு எண் வந்தது, விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டால் என் பெயரும் இருந்தது. சாங்கியில் கோடாலித் தைலமும் பிஸ்கட் டின்னும் கட்டிய பெட்டியோடு நிற்கிறேன். கவுண்டரில் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்: ரத்து. டிக்கெட் போடாமல் இடம் மட்டும் பிடித்துவைத்து, என்னிடம் காசை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான். முன்பதிவு எண் வேறு, டிக்கெட் எண் வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டிக்கெட் எண் 13 இலக்கம். அதைக் கையில் வாங்காமல் யாருக்கும் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஊரில் இருக்கிறவர்களையும் விட மாட்டார்கள். போன மாதம் கல்லிடைக்குறிச்சியில் என் அம்மா மாடியில் அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு போன். உங்கள் மகன் போதைப்பொருள் வழக்கில் மாட்டிக்கொண்டான், எண்பதாயிரம் அனுப்பினால் விடுவோம் என்று ஒருவன் மிரட்ட, பின்னால் "அம்மா, அம்மா" என்று ஓர் அழுகைக் குரல். அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டதாம். இருந்தாலும், "வீட்டில் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவோம்? அதைச் சொல்லச் சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். போனை வைத்துவிட்டான்.

நீங்களும் இன்றைக்கே வீட்டில் பேசி அப்படி ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டுவார்களே, அந்த 'டிஜிட்டல் கைது' என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவுமே கிடையாது என்பதையும், பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை என்பதையும் சொல்லிவையுங்கள். அப்படியே பணம் போய்விட்டாலும் அழுதுகொண்டு உட்காராமல் உடனே நம் நாட்டு இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்குச் சொன்னால், போகிற வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

நான் இப்போது ஊரில்தான் இருக்கிறேன். இங்கிருந்து வீரவநல்லூர் ஓர் எட்டுதான். நீங்கள் சரியென்று சொன்னால், இந்த வாரமே உங்கள் அம்மாவை நேரில் பார்த்து நானே விளக்கமாகச் சொல்லிவிட்டு வருகிறேன்.